சாயங்காலம் வரை சாம்பலில்

எங்க அத்தான் கபிரியேலப் போல ஒரு பயந்தாங்கொள்ளி புதுக்கடை வட்டாரத்துல அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. நான் அவருக்குக் கொழுந்தியா. அக்கா செசிலியோட தங்கச்சி, பேரு ஞானசெல்வி. அம்மையும் அப்பனும் போன பிறகு அக்கா வீட்டுலதான் கிடந்தேன். அதனால அந்த மனுசனோட பயத்தப் பத்தி என்னைவிட விவரமாச் சொல்ல வேற ஆளு கிடையாது. பட்டறையில தும்மல் வந்தாக்கூட கேஸ் குழாயத் திருகி அடச்சிட்டுத்தான் தும்முவாரு. இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில கிரேசிக்கு முன்னால அவருதான் இருப்பாரு. கிரேசி அவரு மக, அப்போ அஞ்சு வயசு.

சிரிக்காதீங்க. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு.

அத்தான் பொறந்தது இனயம் கடப்புறத்துல. அவரு சின்னப் பிள்ளையா இருக்கும்போது அவங்க அப்பா கட்டுமரத்துல போனவரு திரும்பி வரல்ல. மரம் மட்டும் கரை ஒதுங்கிச்சு. அதுல இருந்து கடல்ல கால் நனைக்க மாட்டாரு. கடப்புறத்து ஆம்பள கடலுக்குப் போகல்லேன்னா என்ன பேசுவாங்கன்னு சொல்லவா வேணும்? பேச்சு தாங்காம கொழும்புக்குப் போனாரு. அங்க போகவும் கப்பல் ஏறணுமே! கண்ண இறுக்கி மூடிட்டு, தலைமன்னார் வரை செபமால சொல்லிட்டே போனாராம்.

கொழும்புல லாரி ரிப்பேர் பண்ணுற ஒரு பட்டறையில சேந்து கேஸ் வெல்டிங் படிச்சாரு. நல்லாவே படிச்சாரு. அங்க கூட வேலை பாத்த ஒருத்தன், ஒரு நாள் கேஸ் தொட்டிப் பக்கத்துல பீடி பத்த வச்சான். அத்தான் வெளியே தண்ணி குடிக்கப் போயிருந்தாரு. திரும்பி வந்தப்போ பட்டறைக்குக் கூரை இல்ல. அந்தப் பய உசிரோடதான் இருந்தான், ஆனா முகம்னு சொல்ல ஒண்ணும் இல்ல. இத அத்தான் ஒரே ஒரு தடவதான் அக்காகிட்ட சொன்னாரு. அக்கா எங்கிட்ட சொன்னா. நான் அன்னைக்கு ராச்சோறு திங்கல்ல.

கொழும்புல வேலை மந்தமாகி எல்லாரும் ஊருக்குத் திரும்பின சமயத்துல அவரும் வந்துட்டாரு. வந்து என்ன செய்ய? கடல் பயம். பனை ஏறப் பயம். தெரிஞ்ச தொழில் கேஸ் வெல்டிங் ஒண்ணுதான், அதுதான் அவருக்கு எல்லாத்தையும்விடப் பெரிய பயம். பாவம், எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம். கடைசியில அக்கா ஏசின ஏச்சுல மிஷின் வாங்கத் தூத்துக்குடிக்குப் புறப்பட்டாரு. தனியாப் போகப் பயம்னு அக்காவையும் கூட்டிட்டுப் போனாரு.

அந்தக் கடையில நடந்த கூத்த அக்கா சொல்லணும், நீங்க கேக்கணும். கடைக்காரரு முதல்ல பெரிய தொட்டி ஒண்ணக் காட்டினாராம். செவப்புப் பெயிண்டு, பளபளன்னு இருந்துச்சாம். "ஒரு தடவ தண்ணியில கார்பைடு கல்லப் போட்டாப் போதும், பொழுது பூரா கேஸ் ஓடும்"ன்னாராம். கரண்டுல இரும்ப ஒட்டிப் பத்தவைக்குற மிஷினும் ஒண்ணு இருந்துச்சாம். எங்க பக்கம் கரண்டு ஏது? விளக்குக்கே மண்ணெண்ணெய்தான். அத்தான் அந்தச் செவப்புத் தொட்டியச் சுத்திச் சுத்தி வந்துட்டு, "தீ திரும்பி வந்தா எங்க போவும்?"ன்னு கேட்டாராம்.

"தீ எதுக்குய்யா திரும்பி வருது? போனது போனதுதான்"னு கடைக்காரரு சிரிச்சிருக்காரு.

அத்தான் சிரிக்கல்ல. அக்காவோட கையப் பிடிச்சுட்டு வெளிய நடந்துட்டாரு. கடைக்காரரு பின்னால ஓடி வந்து, மூலையில கிடந்த ஒரு சின்னத் தொட்டிய எடுத்துக் காட்டினாராம். கறுப்பு, ஒடுங்கினது, பார்க்க லெச்சணமே இல்ல. ஆனா தொட்டிக்கும் குழலுக்கும் நடுவுல தண்ணி நிக்குற ஒரு குப்பி உண்டு. தீ குழல் வழியாப் பின்னால பாஞ்சா அந்தத் தண்ணியில விழுந்து அணைஞ்சிரும், தொட்டிக்குப் போகாது. அத்தான் அதுல தண்ணிய நெறச்சு, குழல் மாட்டுற பக்கமா வாய வச்சு ஊதி, தண்ணி குமிழி விடுதான்னு பாத்தாரு. மறுபடி ஊதினாரு. மறுபடியும் பாத்தாரு. கடையில வந்தவங்க எல்லாம் கூடி நின்னு வேடிக்கை பாத்தாங்களாம். "எனக்குத் தொலிய உரிச்ச மாதிரி இருந்துச்சுடி"ன்னா அக்கா.

அந்தக் கறுப்புத் தொட்டியும், காத்து அடச்ச ஒரு இரும்பு உருளையும், கறுப்புக் கண்ணாடியும் வந்து சேந்துச்சு. வீட்டோட சேந்து ஒரு கொட்டகை போட்டாரு. ஓலை மேயல்ல, ஓடு போட்டாரு, தீக்குப் பயந்து. எங்க அடுப்படிய எடுத்து வீட்டுக்கு அந்தப் பக்கம் வச்சாச்சு. கொட்டகைக்கும் அடுப்புக்கும் நடுவுல கெணறு. பீடி குடிக்குற ஆளு வந்தா வாசல்லயே நிறுத்திருவாரு. வேலை முடிஞ்சதும் தொட்டியில இருக்குற வெள்ளைச் சேற வாளியில எடுத்துட்டு தோப்புக்குப் பின்னால கொண்டு போய்க் குழியில கொட்டி, தொட்டியக் கழுவி, வெயில்ல கமுத்தி வச்சாத்தான் சோறு இறங்கும். இவ்வளவு பயந்து வேலை செய்யுற ஆளோட வேலை மோசமா இருக்குமா? வண்டி அச்சு, ஏத்தத்து இரும்பு, கருப்பட்டி காய்ச்சுற கொப்பரை எல்லாம் அருமனையில இருந்தும் கொண்டு வருவாங்க. கபிரியேல் பத்தவச்சது விடாதுன்னு பேரு ஆயிப்போச்சு.

அவருகிட்ட ஒரு தகரப் பெட்டி இருந்துச்சு. நெறைய சலிச்ச சாம்பல். இரும்பப் பத்தவச்சதும் செவப்பு மாறுறதுக்கு முன்னால அதுக்குள்ள பொதச்சு மூடிருவாரு. தானா, மெள்ள மெள்ள ஆறணும். காலையில வச்சா சாயங்காலம்தான் எடுப்பாரு. அந்தப் பெட்டிய அவரு தொட்டில் பிள்ளை மாதிரி பாப்பாரு. நான் வந்த புதுசுல இதெல்லாம் தெரியாம, பாத்திரம் தேய்க்கச் சாம்பல் அள்ளப் போயி கையச் சுட்டுட்டேன். பதறிப்போன வெப்ராளத்துல குடத்துத் தண்ணிய எடுத்து அதுல ஊத்திட்டேன். ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம். அத்தான் ஓடி வந்தாரு. ஏசுவாருன்னு பாத்தேன், ஏசல்ல. அந்த இரும்ப எடுத்துக் கல்லுல வச்சு, சுத்தியலால ஒரு தட்டுத் தட்டினாரு. விறகுச் சுள்ளி மாதிரி ரெண்டாப் போச்சு.

"பாத்தியா செல்வி. சூட்டுல தண்ணி பட்டா உள்ளுக்குள்ள உறைஞ்சு கீறிப்போவும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. இது வெறும் வண்டிச் சாமான். நாளைக்கு ஒரு ஆளோட உசிரு தொங்குற சாமானா இருந்தா?"

 நான் அதுக்குப் பிறகு ஜென்மத்துக்கும் அந்தப் பெட்டிப் பக்கம் போகல்ல.

இனி பஸ் கதைக்கு வாறேன். நாகர்கோவில் கோட்டாத்துச் சவேரியார் கோவில் திருநாள் சமயம். நாராயணபெருமாள் முதலாளின்னு ஒருத்தரு, புதுக்கடையில பலசரக்கு மொத்தக் கடை வச்சிருந்தவரு, பழைய பஸ் ஒண்ணு வாங்கி நாகர்கோவிலுக்கு விட்டுட்டிருந்தாரு. முதலாளி நல்ல மனுசன்தான், ஆனா அவசரக்காரரு. பொறுமைன்னா என்ன வெலைன்னு கேப்பாரு. டிரைவரு சிலுவைமுத்து அத்தானோட இனயத்துக்காரரு, தங்கமான ஆளு. திருநாளுக்கு முந்தின நாள், ஸ்டீயரிங்குல இருந்து சக்கரத்தத் திருப்புற இரும்புக் கையில கீறல் விழுந்து, வண்டி குளத்துக்குள்ள பாயப் பாத்துச்சு. சிலுவைமுத்து எப்படியோ வரப்புல ஏத்தி நிறுத்திட்டாரு. வண்டிய ஆளு வச்சுத் தள்ளிச் சந்திப்புல நிறுத்திட்டு, கீறல் விழுந்த இரும்பக் கழத்தி எடுத்துட்டு முதலாளி நேரா எங்க வீட்டுக்கு வந்துட்டாரு.

"கபிரியேலே, நாளைக்கு வண்டி நெறய ஜனம் திருநாளுக்குப் போகணும். நீ மனசு வைக்கணும்."

அத்தான் அந்த இரும்பக் கையில வாங்கவே இல்ல. "முதலாளி, ஸ்டீயரிங்கு சாமான் நான் பத்தவைக்க மாட்டேன். புதுசு வாங்கிப் போடுங்க. பயமா இருக்கு"ன்னாரு.

"மதராசுல இருந்துல்லா வரணும்! அதுக்குள்ள அடுத்த திருநாளே வந்திரும். உனக்கு எதுலதான் பயம் இல்ல?"

கெஞ்சினாரு, ஏசினாரு, கடைசியில கையப் பிடிச்சுட்டு நின்னாரு. அக்காவும், "திருநாளுக்குல்லா, பத்தவச்சுக் குடுங்க"ன்னா. அத்தான் மறுநாள் விடியும் முன்னால எந்திரிச்சு வேலை தொடங்கினாரு. கீறின எடத்த அராவி, ரெண்டு பக்கமும் சூடேத்தி, கொஞ்சங் கொஞ்சமாப் பத்தவச்சாரு. அந்தத் தீ வெளிச்சம் சுவருல ஆடுறத நான் அடுப்படியில இருந்து பாத்தேன். வேலை முடிஞ்சு, செவந்து கிடந்த இரும்பச் சாம்பல்ல பொதச்சாரு. முதலாளிக்கு ஆளு விட்டு, "சாயங்காலம் வந்து எடுக்கணும், அதுக்கு முன்னால யாரும் தொடப்படாது"ன்னு சொல்லியும் விட்டாரு. பிறகு தொட்டியக் கழுவக் கொண்டு போனாரு. வந்து, பெட்டி மூடியிருக்குறத மட்டும் பாத்துட்டு, எரியுற கண்ணுல ஈரத்துணியப் போட்டுட்டு வீட்டுக்குள்ள படுத்துத் தூங்கிட்டாரு.

அவரு தொட்டி கழுவப் போன அந்தக் கொஞ்ச நேரத்துலதான் எல்லாம் நடந்துருச்சு. அக்கா கிரேசியக் கூட்டிட்டு மீன் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தா. நான் கிரேசிக்குச் சட்டை வாங்கத் தையக்காரன் கடைக்குப் போயிருந்தேன்.

நான் சட்டையோட சந்திப்புக்கு வந்தா, பஸ் புறப்பட நிக்குது! ஹாரன் அடிக்குதாங்க. ஜனம் ஏறுது. "சாயங்காலம்னுல்லா சொன்னாங்க"ன்னேன். முதலாளி, "கபிரியேல் சாமானத் தந்தாச்சு, மாட்டியாச்சு, வாறதுன்னா ஏறு"ன்னாரு. அத்தான் தந்தாருன்னா பிறகு என்ன யோசனை? வீட்டுக்கு ஓடினேன். அக்கா அப்பதான் சந்தையில இருந்து வந்து மீன் கழுவிட்டு இருந்தா. "அத்தான எழுப்பாத, கண்ணு வலியில தூங்குதாரு. நீ பிள்ளைய கூட்டிட்டுப் போ, நான் அவருகூட இருக்கேன்"ன்னு அனுப்பி வச்சா. நான் கிரேசியத் தூக்கிட்டு வந்து ஏறினேன். புதுச் சட்டையப் போட்டு, தலையில மல்லியப்பூ வச்சு, மடியில ஏந்திக்கிட்டேன்.

வண்டி புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போனது. முன்னால ரெண்டு சீட்டு தள்ளி கிளாரா இருந்தா. எங்க தெருக்காரிதான், கோவிலுக்குப் போகாம ஒரு நாளும் இருக்க மாட்டா. பின்னால திரும்பி, "ஏட்டி செல்வி, இனி பயப்பட ஒண்ணும் இல்ல"ன்னா.

"என்ன பயம்?"

"குளத்துல பாயப் பாத்த வண்டியில ஏற மாட்டோம்னு நாங்க எல்லாரும் நின்னுட்டோம்லா. ஒட்டவச்ச இரும்ப நம்பி எப்படிப் போறது? அப்பத்தான் எனக்குத் தோணிச்சு. எங்கிட்ட போன வருசத்துத் தீர்த்தம் ஒரு போத்தல் இருக்குல்லா. முதலாளிகிட்ட சொன்னேன். அவருக்கும் அது சரியாப் பட்டுது. எல்லாருமாப் போயி, சாம்பல்ல கிடந்தத எடுத்து, செபம் சொல்லி ஊத்தினோம். அப்படியே ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம் பாரு! செவப்பெல்லாம் போயி, உடனே கையில எடுக்கலாம்னு ஆயிப்போச்சு. சாயங்காலம் வரை காத்திருக்கவும் வேண்டாம். எல்லாம் சவேரியாரு செயல்."

சேசுவே! 

நான் கிரேசிய இறுக்கிப் பிடிச்சேன். பிள்ளை, "சித்தி வலிக்குது"ன்னா. விறகுச் சுள்ளி மாதிரி ரெண்டாப் போன அந்த வண்டி இரும்பு என் கண்ணு முன்னால வந்து நின்னது. இப்போ அதே மாதிரி ஒண்ணுலதான் எங்க எல்லாரோட உசிரும் தொங்குது. வண்டி ஒரு வளைவுல திரும்பிச்சு. சிலுவைமுத்து வட்டத்த வளைக்க வளைக்க, எனக்கு என் எலும்ப யாரோ வளைக்குற மாதிரி இருந்துச்சு. முன்னால புளியடி இறக்கம் வருது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆழமான கிடங்குப் பள்ளம். அங்க வச்சு அந்தக் கை ஒடிஞ்சா?

"வண்டிய நிறுத்துங்க!"ன்னு கத்தினேன்.

யாரு காதுலயும் விழல்ல. எல்லாரும் செபமால சொல்லிட்டு இருந்தாங்க. "அருள் நிறைந்த மரியே"ன்னு அந்தப் பக்கம் சொல்ல, "அர்ச்சிஷ்ட மரியாயே"ன்னு இந்தப் பக்கம் சொல்ல, எஞ்சின் சத்தம் வேற. நான் எந்திரிச்சு நின்னு, "சிலுவைமுத்து அண்ணாச்சி, நிறுத்துங்க! இரும்பு ஒடிஞ்சிரும்!"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். செபமால நின்னுது. எல்லா முகமும் என்னைத்தான் பாத்துது.

"என்னட்டி அவலட்சணம் பிடிச்ச பேச்சு? திருநாளுக்குப் போற வழியில?"ன்னா ஒரு கெழவி.

"சூட்டுல தண்ணி ஊத்தினா இரும்பு கெட்டுப் போவும். எனக்குத் தெரியும், நான் பாத்திருக்கேன்!"

கிளாராவோட முகம் சுருங்கிப் போச்சு. "அது தண்ணியாட்டி? தீர்த்தம்! தீர்த்தம் பட்டா கெட்டுப் போவுமா? நீ வேதக்காரிதானா?"

"கபிரியேல் வீட்டுப் பிள்ளைல்லா, அந்தப் பயம் தொத்திக்கிட்டுது"ன்னாரு முன்சீட்டுல இருந்த முதலாளி. எல்லாரும் சிரிச்சாங்க. சிலுவைமுத்து சிரிக்கல்ல. வண்டியக் கொஞ்சம் மெள்ள ஓட்டினாரு, அவ்வளவுதான். நான் மாதாவக் கூப்பிட்டேன். எனக்கு வந்த பயத்துல செபம்கூட வாயில சரியா வரல்ல. பிள்ளையோட குதிச்சிரலாமான்னு யோசிச்சேன். ஓடுற வண்டியில இருந்து பிள்ளையோட எப்படிக் குதிக்க?

இறக்கத்துக்கு மேல ரோட்டோரம் சிலுவை நட்ட ஒரு குருசடி உண்டு. எல்லா வண்டியும் அங்க நிக்கும். டிரைவருங்க குருசுக்கு முத்தம் குடுப்பாங்க, ரேடியேட்டருக்குக் கெணத்துத் தண்ணி விடுவாங்க. நாங்களும் நின்னோம். நான் முதல் ஆளா இறங்கி, கிரேசிய மடியில வச்சு, முன் சக்கரத்துக்கு முன்னால ரோட்டுல உக்காந்துட்டேன்.

பிறகு நடந்தது சண்டையா சந்தையான்னு தெரியல்ல. முதலாளி, "எந்திரி புள்ள, தேரு புறப்படுறதுக்குள்ள போவணும்"னாரு. கெழவிங்க ஏசினாங்க. ஒருத்தி என் கையப் பிடிச்சு இழுத்தா. நான் சக்கரத்தப் பிடிச்சுட்டேன். கிரேசி அலறுதா. எனக்கும் அழுகை வந்துருச்சு. ஆனா எந்திரிச்சா இவங்க வண்டிய எடுத்திருவாங்கன்னு தெரியும். அந்தப் பிள்ளையோட அம்மைக்கும் அப்பனுக்கும் நான் என்ன பதில் சொல்ல?

அந்தச் சமயத்துலதான் வாழத்தோப்புக்குள்ள இருந்து அத்தான் வந்தாரு. குறுக்கு வழியா ஓடி வந்திருக்காரு. செருப்பு இல்ல, மேல சட்டை இல்ல, முழங்கால் எல்லாம் சேறு. அந்த மனுசன் ஓடி நான் பாத்ததே இல்ல. அவரு எந்திரிச்சு, பெட்டியத் திறந்து பாத்தா, இரும்பு இல்ல, சாம்பல் நனஞ்சு கட்டியாக் கிடக்கு. "கிரேசி எங்க?"ன்னுதான் முதல்ல கேட்டாராம். அக்கா சொன்னதும் ஓடத் தொடங்கினவருதானாம்.

அவரு வந்து கிரேசியத் தொட்டுப் பாத்தாரு. பிறகு மூச்சு வாங்க, வண்டிக்கு அடியில நுழஞ்சு அந்த இரும்பப் பாத்தாரு. நெடுநேரம் பாத்தாரு.  வெளிய வந்தாரு.

"என்னலே, கெட்டிருக்கா?"ன்னாரு முதலாளி.

"பாத்தா ஒண்ணும் தெரியல்ல."

"அப்போ நல்லாத்தானே இருக்கு?"

"தெரியாது முதலாளி. எனக்குப் பயமா இருக்கு."

எனக்கு அந்த எடத்துல செத்துரலாம் போல இருந்துச்சு. இதச் சொல்லவா இவ்வளவு தூரம் ஓடி வந்தாரு? ஒடிஞ்சிரும்னு ஒரு வார்த்தை அடிச்சுச் சொல்லப்படாதா? ஜனம் எல்லாம் 'இவ்வளவுதானா'ன்னு பாத்துது. முதலாளிக்குக் கோவம் தலைக்கு ஏறிட்டுது.

"பயம், பயம், பயம்! உன் பயத்துக்கு ஒரு முடிவு வேண்டாமா? இப்பப் பாரு!"

வண்டிய ஸ்டார்ட் பண்ணச் சுத்துற கைப்பிடி முன்னால சொருகி இருந்துச்சு. அத உருவி எடுத்தாரு. குனிஞ்சு, சக்கரத்துக்குப் பின்னால கைய விட்டு, அந்த இரும்புக் கையில ஓங்கி ஒரு அடி போட்டாரு. அத்தான் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாரு.

டக்.

பெரிய சத்தம்கூட இல்ல. ஒரு துண்டு ரோட்டுல விழுந்து உருண்டு, என் கால் பக்கத்துல வந்து நின்னது. பத்தவச்ச எடத்தோட ஓரத்துல, கத்தியால அறுத்த மாதிரி போயிருந்துச்சு.

 கீழ புளியடி இறக்கம் வளஞ்சு வளஞ்சு போறது அங்க இருந்து நல்லாத் தெரியும். எல்லாரும் அதத்தான் பாத்தாங்க. முதலாளி கைப்பிடியோட அப்படியே தரையில உக்காந்துட்டாரு. ஒரு கெழவி சேலைத் தலைப்ப வாயில திணிச்சுக்கிட்டா. சிலுவைமுத்து குருசடிப் படியில போய் நெத்திய வச்சவரு எந்திரிக்கவே இல்ல. அத்தான் ரோட்டோரம் போயி வாந்தி எடுத்தாரு.

கிளாராதான் முதல்ல அழத் தொடங்கினா. "நான் எல்லாரையும் கொல்லப் பாத்தேனே, என் போத்தல் தீர்த்தம்..."னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டா. அத்தான் வாயத் தொடச்சுட்டு அவகிட்ட போனாரு.

"அழாதே கிளாரா. தீர்த்தம் நல்ல தீர்த்தம்தான். அது நம்மளக் காப்பாத்தத்தான் இங்க குருசடி பக்கத்துல வச்சே ஒடச்சு விட்டுது. இல்லேன்னா கீழ போயில்லா ஒடிஞ்சிருக்கும்?"

தொண்ட தண்ணி வத்தக் கத்தினது நான், ரோட்டுல உக்காந்தது நான், பேரு தீர்த்தத்துக்கு! எனக்குக் கோவமும் வந்துது, சிரிப்பும் வந்துது. ஆனா கிளாரா அழுகைய நிறுத்தினா.

வண்டி அங்கயே நின்னுது. ரெண்டு துண்டையும் எடுத்துட்டு எல்லாருமா நடந்து புதுக்கடைக்கு வந்தோம். அத்தான் திரும்பப் பத்தவைக்க முடியாதுன்னாரு. இந்தத் தடவ முதலாளி கேக்கல்ல, ஜனம் கேட்டுது. "நாங்க காத்திருக்கோம் கபிரியேலு, நீ சொல்லுற மட்டும் காத்திருக்கோம்"னாங்க. அவரு ரொம்ப நேரம் யோசிச்சு, உறைஞ்ச இரும்ப முதல்ல பழுக்கக் காய்ச்சி, சாம்பல்ல போட்டு ஆத்தி எடுத்தாரு. அப்புறம் ரெண்டையும் சேத்துப் பத்தவச்சு, மேல ஒரு இரும்புப் பட்டையும் வச்சுப் பத்தவச்சாரு. மறுபடி சாம்பல்ல பொதச்சாரு.

நீங்க அந்தக் காட்சியப் பாத்திருக்கணும். திருநாளுக்குப் போக உடுத்த நல்ல சேலையோட, தலையில பூவோட, அத்தனை பேரும் எங்க முற்றத்துல உக்காந்து ஒரு தகரப் பெட்டியக் காவல் காத்தாங்க. கோழி ஒண்ணு பெட்டிப் பக்கம் போச்சுன்னு நாலு பேரு எந்திரிச்சு வெரட்டினாங்க. தண்ணி கேட்டு அழுத ஒரு பிள்ளைய அவ அம்மை தெருவுக்குத் தூக்கிட்டுப் போயிக் குடுத்தா. முதலாளி ஒரு ஓரத்துல, கைய மடியில வச்சுட்டு, பெட்டியவே பாத்துட்டு இருந்தாரு. கிளாரா வெறும் போத்தலக்கூட வீட்டுல போய் வச்சுட்டுத்தான் வந்தா.

மறுநாள் காலையில, கடைசித் தேரையாவது பாக்கலாம்னு, சாமானோட எல்லாரும் குருசடிக்கு நடந்தோம். இந்தத் தடவ அக்காவும் வந்தா. சிலுவைமுத்து அந்தக் கைய மாட்டினாரு. மாட்டிட்டு நின்னாரு. ஏறுறதுக்கு யாருக்கும் கால் வரல்ல. இறக்கத்தப் பாத்தாங்க, வண்டியப் பாத்தாங்க.

அத்தான், "எல்லாரும் நடந்து இறங்குங்க. வண்டி சும்மா வரட்டும்"னாரு. சொல்லிட்டு அவரு ஏறி, சிலுவைமுத்து பக்கத்துல உக்காந்தாரு.

அக்காவுக்கு முகம் வெளுத்துப் போச்சு. அந்த மனுசன் அதுக்கு முன்னால பஸ்சுல ஏறினதே இல்ல. தூத்துக்குடிக்குக்கூட பாதி தூரம் மாட்டுவண்டி, மீதி நடைதான். "நீங்க எதுக்கு? உங்களுக்குத்தான் பயமாச்சே! கீழ இறங்குங்க"ன்னு ஜன்னலப் பிடிச்சா.

"பயமாத்தான் இருக்கு செசிலி"ன்னாரு அத்தான். உதடு வெளுத்துப் போயிருந்துச்சு. "நான் பத்தவச்சது. நான் ஏறாம சிலுவைமுத்த மட்டும் அனுப்பவா?"

வண்டி இறங்கிச்சு. நாங்க பின்னால ஓட்டமும் நடையுமாப் போனோம். ஒவ்வொரு வளைவுலயும் வண்டி பாறைக்குப் பின்னால மறையும். மறையும்போது எல்லாரும் நின்னுருவோம், காதக் கூர்மையாக்கிட்டு. பிறகு எஞ்சின் சத்தம் கேக்கும், நடப்போம். அக்கா என் கையப் பிடிச்ச பிடியில எனக்கு நகம் பதிஞ்சுட்டுது. கிரேசி மட்டும், "அப்பா பஸ்சுல போறாரு, அப்பா பஸ்சுல போறாரு"ன்னு கை கொட்டிட்டே வந்தா.

கீழ போனா வண்டி ஆலமரத்து நெழல்ல நின்னுட்டு இருக்கு. அத்தான் இன்னும் சீட்டுலதான் இருந்தாரு. கண்ண இறுக்கி மூடியிருந்தாரு. சிலுவைமுத்து அவரு தோளத் தட்டி, "வந்தாச்சு, கண்ணத் தெறங்க"ன்னாரு. அவரு மெள்ளத் தெறந்தாரு. பிறகு இறங்கி, வண்டிக்கு அடியில போயி, பத்தவச்ச எடத்தத் தடவித் தடவிப் பாத்துட்டு வந்தாரு.

"இனி ஏறலாமா கபிரியேலு?"ன்னு முதலாளி கேட்டாரு. அவரு கொரலு அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்ல. எல்லாரும் அத்தான் முகத்தையே பாத்தாங்க.   அவரு நேரா என்கிட்ட வந்து, என் இடுப்புல இருந்த கிரேசிய வாங்கினாரு. கொண்டு போயி, டிரைவருக்குப் பக்கத்துல, முதல் சீட்டுல அவள உக்கார வச்சாரு. சட்டைய இழுத்துவிட்டு, தலையில வாடிப்போன பூவ எடுத்துப் போட்டாரு.

அதுக்குப் பிறகு யாரும் எதுவும் கேக்கல்ல. ஒவ்வொருத்தரா ஏறினாங்க.